பழைய மினியும் புது மினியும்: எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

என்கிட்ட ரெண்டு வண்டி இருக்கு. ஒன்னு 1985 மாடல் மினி கார், 998 சிசி, கார்ப்பரேட்டர். இன்னொன்னு 2004 மினி கூப்பர், அதாவது பிஎம்டபிள்யூ கைக்கு போனப்புறம் வந்த முதல் தலைமுறை, ஆர்50னு சொல்வாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திட்டா போதும், யார் பாத்தாலும் அதே பத்து பன்னெண்டு கேள்விதான். பதில் சொல்லி சொல்லி அலுத்து போச்சு, அதான் ஒரே மூச்சா எழுதி வெச்சுட்டேன்.

ரெண்டும் ஒரே வண்டிதானே, பழைய மாடல் புது மாடல் அவ்ளோதானே?

இல்லங்க. பேரு மட்டும்தான் ஒன்னு. தாத்தா பேரை பேரனுக்கு வெச்ச கதைதான், பேரு ஒன்னாயிட்டா ஆளும் ஒன்னாயிடுமா?

பழசு 1959 ஆகஸ்ட் 26ல பிரிட்டன்ல பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனி வெளியிட்டது. அப்ப மினின்னு தனியா பிராண்டே கிடையாது, ஆஸ்டின் செவன்னும் மோரிஸ் மினி மைனர்னும் ரெண்டு பேர்ல ஒரே வண்டிய வித்தாங்க. அதுக்கப்புறம் கம்பெனி கை மாறி பேரு மாறி என்னென்னமோ ஆச்சு, ஆனா வண்டி மட்டும் நிக்காம 2000 அக்டோபர் வரைக்கும் வந்துட்டே இருந்துச்சு, மொத்தம் 53 லட்சத்துக்கு மேல. நடுவுல 1994ல ரோவர் கம்பெனிய பிஎம்டபிள்யூ வாங்குச்சு, 2000ல அதை வித்து தலைமுழுகுனப்பவும் மினிங்கற பேரை மட்டும் விடாம வெச்சுக்கிட்டாங்க. அந்த பேர்ல 2001ல வந்ததுதான் புதுசு. எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பாடி, எதுலயும் பழசுல இருந்து வந்தது ஒன்னும் இல்ல. வட்ட ஹெட்லைட்டும் நடுவுல வெச்ச பெரிய ஸ்பீடோமீட்டரும் ஜாடைக்காக வெச்சது.

அப்புறம் ஏன் புதுசு இவ்ளோ பெருசா இருக்கு? மினின்னாலே சின்னதுதானே?

இதுதான் நம்பர் ஒன் கேள்வி, கொஞ்சம் கிண்டலாவே கேப்பாங்க. அளவ சொல்லிடறேன். பழசு 3.05 மீட்டர் நீளம், 1.41 மீட்டர் அகலம், எடை 600 கிலோவுக்கு கொஞ்சம் மேல. ஆர்50 3.63 மீட்டர் நீளம், 1.69 அகலம், எடை ஒரு டன்னை தாண்டிரும். 2014ல வந்த தலைமுறை இன்னும் நீண்டு 3.82 ஆயிருச்சு. பக்கத்துல நிறுத்தினா பழசு புதுசோட குட்டி மாதிரிதான் இருக்கும்.

எல்லாரும் புதுசு வீணா ஊதிப்போச்சுன்னு நெனைக்கறாங்க. நான் தலைகீழா பாக்குறேன், புதுசு சாதாரண சைஸ்தான், பழசுதான் அநியாயத்துக்கு சின்னது. அது எப்படி முடிஞ்சுதுங்கறதுதான் சுவாரசியம். 1956ல சூயஸ் பிரச்சனைல பிரிட்டன்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சு, உடனே பிஎம்சி அவங்க இன்ஜினியர் அலெக் இசிகோனிஸ்கிட்ட ஒரு சின்ன வண்டி பண்ணுங்கன்னாங்க. பத்தடி நீளத்துக்குள்ள நாலு பேர், லக்கேஜ், எஞ்சின் எல்லாம் அடங்கணும். மனுஷன் என்ன பண்ணாருன்னா எஞ்சினை குறுக்கால திருப்பி வெச்சாரு, கியர்பாக்ஸை எஞ்சினுக்கு பக்கத்துல வைக்காம அடியில, ஆயில் சம்புக்குள்ளயே, அதாவது எஞ்சின் ஆயில் தேங்கற தொட்டிக்குள்ளயே போட்டுட்டாரு. சக்கரத்த 10 இஞ்சா குறைச்சாரு. சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங் வெச்சா இடம் போகும்னு அலெக்ஸ் மோல்டன் பண்ண ரப்பர் கோன். வெல்டிங் பண்ணின தையல் எல்லாம் பாடிக்கு வெளிய துருத்திட்டு நிக்கும், பாத்திருப்பீங்க. இப்படி பத்தடில எட்டடி ஆளுக்கும் லக்கேஜுக்கும் கிடைச்சுது.

புதுசுலயும் எஞ்சின் குறுக்காலதான் இருக்கு, ஆனா கியர்பாக்ஸ் எஞ்சினோட ஓரத்துல ஒட்டி உக்காந்திருக்கும். இது இசிகோனிஸ் வழி இல்ல, இத்தாலில ஃபியட்டோட டான்டே ஜியாகோசா கொண்டு வந்த வழி, 1964ல ஆட்டோபியாங்கி பிரிமுலாவுல முதல்ல வந்துச்சு. இன்னைக்கு முன்சக்கரத்துல ஓடுற வண்டில பெரும்பாலானது அந்த வழிதான், புது மினி உட்பட. கியர்பாக்ஸ் பக்கவாட்டுல வந்தா மூக்கு அகலமாகத்தான் செய்யும். அதோட மோதுனா மடங்கறதுக்குன்னு முன்னாடி ஒரு இடம், கதவுக்குள்ள கம்பி, ஏர்பேக், ஏசி, சத்தம் அடக்க மெத்தை, இதெல்லாம் சேந்தா ஒரு டன் தானா வரும்.

ஒன்னு மட்டும் ஒத்துக்கறேன், இவ்ளோ பெருசாகியும் புதுசோட பின் சீட்ல காலை வைக்க இடமில்ல. பழசுல பின்னாடி உக்காந்தவங்க யாரும் புதுசுல உக்காந்து ஆஹான்னு சொன்னதில்ல.

ஓட்டறதுக்கு எது நல்லாருக்கும்?

நல்லாருக்கும்னா எதைக் கேக்கறீங்கன்னு தெரியணும்.

பழசுல ஸ்டியரிங் பஸ் ஸ்டியரிங் மாதிரி படுத்துகிட்டு இருக்கும், பெடல் கொஞ்சம் ஒரு பக்கமா தள்ளி இருக்கும், முதல் நாள் இடுப்பு கோணிக்கும். பவர் ஸ்டியரிங் கிடையாது ஆனா வெயிட்டே இல்லாததால ஓட ஆரம்பிச்சா இலேசா திரும்பும். சக்கரம் நாலும் நாலு மூலைல இருக்கு, வளைவுல திருப்பணும்னு நெனைக்கறதுக்குள்ள வண்டி திரும்பியிருக்கும். ரோட்ல கிடக்கற சின்னக் கல்லு கூட உள்ளங்கைக்கு தெரியும். கூடவே கியர் ஊளையிடற சத்தம், இது கோளாறு இல்ல, எஞ்சின்ல இருந்து அடியில இருக்கற கியர்பாக்ஸுக்கு சக்தி கொண்டு போற பற்சக்கரங்களோட சத்தம், அதுபாட்டுக்கு பாடிகிட்டேதான் இருக்கும். ரப்பர் கோன் குழில எறங்குனா துள்ளும், ரொம்ப துள்ளும், முதுகு வலிக்காரங்க யோசிச்சுக்கோங்க.

60ல போனா 100ல போற மாதிரி இருக்கும். புதுசுல உல்ட்டா, 100ல போயிட்டு இருப்பீங்க, 60 மாதிரிதான் இருக்கும். இந்த ஒரு வரிலயே ரெண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் பாதி வந்துருச்சு.

அதுக்காக புதுசு மந்தம்னு நெனைச்சுடாதீங்க. அதோட பின்பக்க சஸ்பென்ஷன் அந்த சைஸ் வண்டிங்களுக்கு கிடைக்காத ரகம், பல கம்பி வெச்ச தனி சஸ்பென்ஷன், அதனாலதான் அப்படி ஒட்டிப் பிடிச்சு திரும்புது. ஆனா அதுல நம்ம செய்யறது பாதி, வண்டி செய்யறது பாதி. ஆக்சிலேட்டர்ல கேபிளே கிடையாது, நம்ம கால் கம்ப்யூட்டர்கிட்ட விண்ணப்பம் போடும், அது பாத்து த்ராட்டில திறக்கும். பழசுல காலுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவுல ஒரு கம்பிதான். நான் தப்பு பண்ணா தப்பு அப்படியே சக்கரத்துக்கு போகும், திருத்தறதுக்கு நடுவுல யாரும் இல்ல.

எது வேகம்?

என்கிட்ட இருக்கறதுல சந்தேகமே இல்லாம புதுசு. பழைய 998ல இருக்கறது 40 குதிரை சக்தி, கூப்பர்ல 115. 1959ல வந்த முதல் 848 சிசில 34தான் இருந்துச்சு.

ஆனா ஒரு விஷயம். பழசுலயே வேகமான ரகம்தான் கூப்பர், 1964ல வந்த கூப்பர் எஸ் 1275ல 76 குதிரை, எடையோட வகுத்து பாத்தா 2001 கூப்பருக்கு சளைச்சதில்ல. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிதுங்கறது இதுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். 1964, 1965, 1967ல மான்டி கார்லோ ராலி ஜெயிச்சது. 1966லயும் முதல் மூணு இடத்துலயும் மினிதான் வந்துச்சு, ஹெட்லைட் பல்பு விதிப்படி இல்லன்னு தூக்கிட்டாங்க, அதப் பத்தி இன்னிக்கும் சண்டை போடற ஆளுங்க இருக்காங்க.

பழசு பாதுகாப்பா?

இல்ல. இதுல மட்டும் நான் செண்டிமென்ட் பேச மாட்டேன்.

நல்ல பிரேக், சட்டுனு திரும்பும், அதனால மோதறதுக்கு முன்னாடியே தப்பிச்சுடலாம்னு பழைய வண்டிக்காரங்க சொல்வாங்க. பாதி உண்மை. நம்ம தப்பிப்போம், எதிர்ல வர்றவன் தப்பிக்க விடணுமே. என் 1985ல முன்னாடி டிஸ்க் பிரேக் இருக்கு, 1984ல சக்கரம் 12 இஞ்ச் ஆனப்பதான் சாதா மாடலுக்கும் அது வந்துச்சு, அதுக்கு முன்னாடி நாலு பக்கமும் டிரம். ஏபிஎஸ் இல்ல, ஏர்பேக் இல்ல, முட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு தகடு, பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ள ஓரத்துல உக்காந்திருக்கு. டிரைவருக்கு ஒரு ஏர்பேக் வந்ததே 1996 கடைசில, அதாவது உற்பத்தி முடியறதுக்கு நாலு வருஷம் முன்னாடி. புதுசு 2002ல யூரோ என்கேப்ங்கற மோதல் டெஸ்ட்ல 4 ஸ்டார் வாங்குச்சு. இன்னைக்கு இருக்கற டெஸ்ட் அதைவிட கஷ்டம், அது வேற, ஆனா 1959 டிசைனோட ஒப்பிடவே கூடாது.

என் வீட்டுல சின்னப் பசங்கள பழசுல பெரிய ரோட்டுக்கு கூட்டிட்டு போக மாட்டேன். காலைல ஆளில்லாத ரோட்ல நான் மட்டும் போவேன். இத சொன்னா பழைய வண்டி குரூப்ல சில பேருக்கு கோவம் வரும், வரட்டும்.

மழைல நின்னு போயிடும்னு சொல்றாங்களே?

உண்மைதான். எஞ்சினை குறுக்கால திருப்பி வெச்சதுல பிளக்குகளுக்கு கரன்ட்டை பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் நேரா கிரில்லுக்கு பின்னாடி வந்து நின்னுருச்சு. எதிர்ல ஒரு லாரி தண்ணிய வாரி அடிச்சா அது பூரா டிஸ்ட்ரிபியூட்டர் மேலதான். ஸ்பார்க் போச்சு, வண்டி நின்னுச்சு. வைத்தியம் சின்னதுதான், ஒரு ரப்பர் கவர், நல்ல பிளக் ஒயர், முன்னாடி ஒரு தடுப்பு தகடு. ஆத்திர அவசரத்துக்கு ரப்பர் கையுறைய வெட்டி விரல் ஒவ்வொன்னுலயும் ஒரு ஒயரை விட்டு மாட்டினவங்களும் உண்டு. எனக்கு அந்த கவர் போட்டப்புறம் ஒரு தடவை கூட நிக்கல. தரைல தண்ணி ஊறறது மட்டும் நிக்கவே இல்ல, எங்க இருந்து வருதுன்னு ரெண்டு வருஷமா தேடறேன்.

எது அடிக்கடி ரிப்பேர் ஆகும்?

எண்ணிக்கைல பழசு, தலைவலில புதுசு.

பழசுக்கு வேலை இருந்துகிட்டே இருக்கும் ஆனா எல்லாம் சின்ன வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் கேப் 15 தௌ (தௌன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) வைக்கணும், வால்வு கிளியரன்ஸ் 12 தௌ, கார்ப்பரேட்டர் டேஷ்பாட்ல ஆயில் இருக்கான்னு பாக்கணும், முன்சக்கர பால் ஜாயின்டுக்கும் பின்சக்கரத்த தாங்கற ரேடியஸ் ஆர்முக்கும் கிரீஸ் அடிக்கணும், அடிக்காம விட்டா பின்பக்க பேரிங் தேஞ்சு சக்கரம் உள்பக்கமா சாயும். ஃபீலர் கேஜ், நாலு ஸ்பேனர், கிரீஸ் கன் இருந்தா முக்காவாசி வேலைய நாமளே முடிச்சுடலாம்.

முக்கியமானது ஆயில். கியர்பாக்ஸ் ஆயில் சம்புக்குள்ள இருக்குன்னு மேல சொன்னேன்ல, அதனால எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான், கியர் பல்லுக்கு நடுவுல சிக்கி அரைபட்டு அரைபட்டு ஆயில் சீக்கிரம் நீர்த்துப் போயிடும். அதனால 20டபிள்யூ50 மினரல் ஆயில், 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்திடணும். நான் ஒரு தடவை அவசரத்துக்கு தெரியாத ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், அவங்க நல்லது பண்றதா நெனைச்சு இந்தக் காலத்து வண்டிக்கு ஊத்தற தண்ணி மாதிரி சிந்தெடிக் ஆயிலை ஊத்தி குடுத்துட்டாங்க. வண்டி சூடானதும் சும்மா நிக்கும்போது ஆயில் பிரஷர் அப்படியே படுத்துருச்சு, ரெண்டாவது கியர் போட்டா கரகரன்னுச்சு. அன்னைக்கே வடிச்சுட்டு சரியானத ஊத்துனேன், தப்பிச்சுது. அதுல இருந்து டிக்கில ஒரு கேன் என் ஆயிலே வெச்சுருக்கேன், யார் சர்வீஸ் பண்ணாலும் இதத்தான் ஊத்தணும்.

புதுசு அப்படி இல்ல, மாசக்கணக்கா சாவி போட்டா ஸ்டார்ட் ஆகும், ஒன்னும் கேக்காது. திடீர்னு ஒரு நாள் டேஷ்போர்டுல ஒரு மஞ்ச லைட் எரியும். அது என்ன சொல்லுதுன்னு தெரிய ஸ்கேனர் மாட்டணும், ஸ்கேனர் ஒரு கோட் காட்டும், அது சென்சார் கெட்டதா ஒயர் கெட்டதா உண்மையாவே எஞ்சின்ல கோளாறான்னு தெரிய தலைய பிச்சுக்கணும். ஆர்50ல கவனிக்க வேண்டியது பவர் ஸ்டியரிங் பம்ப், பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க்ல தையல் விடற இடம், 2004 நடுவுல மாத்தறதுக்கு முன்னாடி வந்த கியர்பாக்ஸ். அதுக்கு அடுத்த தலைமுறை கூப்பர் எஸ்ஸோட முதல் டர்போ எஞ்சின் வெச்ச வண்டி வாங்கறதா இருந்தா, காலைல ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி டைமிங் செயின் கடகடன்னு அடிக்குதான்னு காது குடுத்து கேட்டுட்டு வாங்குங்க. சூடான வண்டிய காட்டினா நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு கெளம்பிடுங்க.

பழசுக்கு பார்ட்ஸ் கிடைக்குமா?

நம்ப மாட்டீங்க, புதுசைவிட ஈஸியா கிடைக்கும். 41 வருஷம் ஓடுன வண்டி, அதோட எஞ்சின், ஏ சீரீஸ்னு பேரு, இன்னும் பல வண்டிலயும் இருந்துச்சு. வெறும் பாடியே புதுசா கிடைக்குது, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் இன்னும் அடிச்சு விக்கறாங்க. புதுசுல மெக்கானிக்கல் பார்ட்ஸ் கவலையில்ல, எனக்கு பயம் எல்லாம் எலக்ட்ரானிக் டப்பாக்கள் மேலதான். இன்னும் இருபது வருஷம் கழிச்சு ஒரு கன்ட்ரோல் யூனிட் போச்சுன்னா அதை யார் பண்ணித் தருவாங்க? கார்ப்பரேட்டர கழட்டி கழுவி மாட்டிடலாம், சிப்பை கழுவ முடியாது.

பழசு வாங்கறதா இருந்தா எத பாக்கணும்?

துரு. அப்புறம் துரு. எஞ்சின் போயிருந்தாலும் பரவால்ல, வாங்கலாம், பாடி போயிருந்தா வாங்காதீங்க.

கதவுக்கு கீழ இருக்கற சில், முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கற தகடு, கால் வைக்கற தரை, ஹெட்லைட்டை சுத்தி, டிக்கில பேட்டரி உக்கார்ற குழி, எல்லாத்துக்கும் மேல பின்பக்க சப்ஃப்ரேம், அதாவது பின்சக்கரங்கள தாங்கற இரும்புச் சட்டம். இத கையால தட்டியும் காந்தம் வெச்சும் பாக்கணும், காந்தம் ஒட்டலன்னா உள்ள பட்டிதான் இருக்கு, மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும். சில் தகடு மேல இன்னொரு தகட்ட மூடி வெல்டிங் அடிச்சு வித்துடுவாங்க, அசல் சில் எவ்ளோ அகலம்னு முதல்ல நல்ல வண்டி ஒன்ன பாத்துட்டு போங்க, அதவிட அகலமா இருந்தா மூடி மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். தரை மேட்ட தூக்கி பாக்க விடலன்னா பேச்சே வேணாம்.

இன்னொன்னு, கூப்பர்னு எழுதி ஒட்டினதெல்லாம் கூப்பர் இல்ல. சாதா வண்டிக்கு பேட்ஜும் வெள்ளைக் கோடும் போட்டு விக்கறது இந்த வண்டிலதான் அதிகம், சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் சரிபாக்காம காசு குடுக்காதீங்க.

பெட்ரோல்? மைலேஜ்?

மைலேஜ் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான், என் கைல. பழசு பாதி எடை ஆனா கார்ப்பரேட்டர், புதுசு ரெண்டு மடங்கு எடை ஆனா இஞ்செக்‌ஷன்.

பெட்ரோல் விஷயத்துல பழசுக்கு ரெண்டு பாடு. பழைய எஞ்சின் ஹெட்ல எக்ஸாஸ்ட் வால்வு சீட் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு பண்ணது, ஈயம் இல்லாம ஓட்டினா சீட் தேயும், அதனால கடினமான சீட் வெச்ச ஹெட்டா மாத்தணும் இல்ல அதுக்குன்னு இருக்கற மருந்த டேங்க்ல ஊத்தணும். ரெண்டாவது எத்தனால், பழைய ரப்பர் டியூபை அரிச்சுடும். எத்தனாலுக்கு தாங்கற டியூபா எல்லாத்தையும் மாத்திடுங்க, பெட்ரோல் ஒழுகற இடத்துக்கு பக்கத்துலயே சூடான எக்ஸாஸ்ட் போகுது.

ஏசி?

பழசுல ஜன்னல். அதுவும் 1969க்கு முந்துன மாடல்ல பாதிதான், தள்ளற கண்ணாடி.

கடைசி காலத்து இஞ்செக்‌ஷன் மினி வாங்கினா ரெண்டோட நல்லதும் கிடைக்குமா?

கேக்க நல்ல யோசனை மாதிரி இருக்கும். 1996 கடைசில இருந்து வந்ததுல ரெண்டு இன்ஜெக்டர், பக்கவாட்டுல இருந்த ரேடியேட்டர் முன்னாடி வந்துருச்சு, ஏர்பேக் வந்துச்சு, உள்ள கொஞ்சம் அமைதியாவும் இருக்கும். பெரிய ரோட்டுக்கு தாராளமா போலாம். ஆனா எனக்கென்னவோ ரெண்டோட தொல்லையும் சேந்து வர்ற மாதிரி தெரியுது, பழசோட துருவும் இருக்கு, ஸ்கேனர் தேடற வேலையும் இருக்கு. இது என் அபிப்பிராயம்தான், அது வெச்சிருக்கவங்க ஒத்துக்க மாட்டாங்க.

பழசை எலக்ட்ரிக்கா மாத்திடலாமா?

மாத்தறாங்க, மாத்தி வெச்சவங்கள நான் திட்ட மாட்டேன். எஞ்சினே இல்லாம துருப்பிடிச்சு கிடக்கற பாடின்னா பண்ணுங்க. ஓடற எஞ்சினை கழட்டி வீசிட்டு பண்ணாதீங்க. அந்த ஊளைச் சத்தம் இல்லன்னா எனக்கு அது மினியே இல்ல.

ஒன்னுதான் வெச்சுக்கலாம்னா எத வெச்சுப்பீங்க?

ஒரே வண்டி, அதுலதான் வேலைக்கும் போகணும் குடும்பத்தையும் ஏத்தணும்னா புதுசுதான், யோசிக்கவே மாட்டேன். நீங்களும் முதல் வண்டியா பழசை வாங்காதீங்க, வேற ஒன்னு இருந்து, சாயந்தரம் ரெண்டு மணி நேரம் கைய கரி பண்ணிக்க ஆசையும் இருந்தா வாங்குங்க. புதுச நான் ஒன்னரை வருஷம் யாருக்காவது இரவல் குடுத்தாலும் கவலைப்பட மாட்டேன். பழச பத்து நிமிஷம் குடுத்தா வாசல்லயே நிப்பேன், ஏன்னா சோக் எவ்ளோ இழுக்கணும், எத்தனாவது நிமிஷத்துல உள்ள தள்ளணும்னு அந்த வண்டிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இப்ப பழசோட பின்பக்க சப்ஃப்ரேம் கழட்டி கீழ கிடக்கு, மேல காந்தம் வெச்சு பாக்கச் சொன்னேனே, நான் வாங்கும்போது பாக்கல. அதனால இந்த மாசம் பூரா புதுசுதான்.